‘ஏன்னா’ கேட்கும் மைக்

எங்கள் வீட்டு மர பீரோவின் மேல் சில பெரிய ஸ்பீக்கர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் தலையில் என் மனைவி பழைய காலண்டர்களை அடுக்கி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, “இதெல்லாம் எதுக்கு மாமா?” என்று கேட்டால் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன். அந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. தெருக்காரர்கள் சொன்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கூடிவிடும்.

மலையாள தேசத்தில், கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். வாசல் அறை, கூடம், பகலிலும் விளக்கு வேண்டிய ஓர் உள்ளறை, சமையலறை, அதற்கும் பின்னால் கிணற்றடி. வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிணற்றடியில் நடப்பது தெரியாது. யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. தெருவில் எல்லா வீடும் இப்படித்தான், ஒன்றின் சுவரே அடுத்ததற்கும் சுவர். இந்தத் தெருவே கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் குடும்பம் நடத்துகிறது.

கணவனைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் எங்கள் வயதுப் பெண்களிடம் கிடையாது. ‘ஏன்னா’ என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பேப்பர் படிக்கும் ஆண்கள் எல்லோரும் ஒரு கணம் நிமிர்வார்கள். குரல் நம் வீட்டுக் குரல் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கடைசி பெஞ்சுவரை எட்டும் குரல். அவள் கிணற்றடியிலிருந்து ‘ஏன்னா’ என்றால் எதிர்வீட்டு மாமாவும் ஒருமுறை எழுந்து உட்காருவார். சொல்லும் தொனியிலேயே காஸ் தீர்ந்துவிட்டதா, ஃபோன் வந்திருக்கிறதா, மாவில் பல்லி விழுந்துவிட்டதா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு வகை மட்டும் பிடிபடாது. எழுந்து கூடம் தாண்டி உள்ளறை தாண்டிப் போய், “என்ன?” என்று நின்றால், “ஒண்ணுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்” என்பாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்வாள். நான் முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வருவேன். பேப்பரில் எந்த வரியில் விட்டேன் என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த அன்றே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். ஆனால் அவள் தொண்டையில் குரல் நாண் இரண்டில் ஒன்று அசைய மறுத்துவிட்டது. சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் நிறைய வந்தது. நடுவில் நூல் போல் கொஞ்சம் சத்தம் இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு மலையாளப் பெண். சின்ன வயசு, நிறையப் பொறுமை. என் மனைவி சிரமப்பட்டுக் குரலை எழுப்பப் பார்த்தபோதெல்லாம் அவள் தோளைத் தொட்டு, “பலம் பிடிக்கண்டா டீச்சரே. உள்ள சப்தம் மதி” என்பாள். கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம், இருக்கிற சத்தம் போதும் என்று அர்த்தம். கத்த முயன்றால் நன்றாக இருக்கும் மற்ற நாணும் கெட்டுப்போகும் என்று என்னிடம் தனியாக எச்சரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் குரல் உயர்த்துவது நான் ஒருவன்தான் என்றாயிற்று.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்த ஒரு காலையில் கிணற்றடிப் பாசியில் அவள் வழுக்கி விழுந்தாள். நான் வாசல் அறையில் டிவி செய்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மாமியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. “மாமா! பின்னாடி ஓடுங்கோ! மாமி விழுந்து கிடக்கா!” எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அவள் தரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு சொம்பால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு மாமி துவைக்கும் கல்லில் ஏறி எட்டிப் பார்த்திருக்கிறார். மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. அந்த மாமிக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

“எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமோ?” என்று மட்டும் என் மனைவி சொன்னாள். குற்றம் சொல்லும் தொனியில்கூட இல்லை. அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. அதைவிட வலித்தது, அதற்கப்புறம் அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் வாசல் அறைவரை நடந்து வந்து, என் தோளைத் தட்டி, விஷயத்தை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போவாள். தேவை இருந்தால்தான் வந்தாள்.

அழைப்பு மணி ஒன்றைச் சமையலறைச் சுவரில் பொருத்தினேன். விழுகிறவர்கள் மணி இருக்கும் இடம் பார்த்தா விழுவார்கள்? கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருக்கிறது என்றேன். “மணி கட்டிவிட நான் என்ன பசுமாடாக்கும்?” என்று காதருகில் வந்து சொன்னாள். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், கடையில் விற்கும் பேசும் பெட்டி ஒன்றை அனுப்பினாள். அதை ஓர் ஆங்கிலப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இவள் அழைத்தாள். அது அசையவில்லை. கொஞ்சம் பலமாக அழைத்தாள். இருமல் வந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நான் அதன் வயரைப் பிடுங்கி அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சால்டரிங் அயர்ன் பிடித்த கை சும்மா இருக்குமா? நாமே ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று, இணையத்தில் பார்க்க வீடியோக்கள், சந்தேகம் கேட்க மகள். இயந்திரம் முதலில் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். வீட்டில் எங்கிருந்து அவள் ‘ஏன்னா’ என்றாலும் வாசல் அறையில் எனக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். மணிக்குப் பின் அவள் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும். விளக்குப் போடுவது, மோட்டார் நிறுத்துவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சொல்லுக்கு அது விழிக்க வேண்டும் என்பதில் அவளிடம் பேச்சுக்கே இடமில்லை. “வேற ஏதாவது சுலபமான வார்த்தை வைக்கட்டுமா?” என்று கேட்டேன். “கல்யாணமானதுலேர்ந்து அப்படித்தான் கூப்பிடறேன். மிஷினுக்காக மாத்தமாட்டேன்” என்றாள்.

நல்ல ஆரம்பம் என்று நினைத்து முதலில் ஸ்பீக்கர் வாங்கப் போனேன். எனக்கு ஸ்பீக்கர் மேல் ஒரு பலவீனம் உண்டு. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் எலெக்ட்ரானிக் சாமான் கடை ஒன்று. கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். மரப்பெட்டிக்குள் அடங்கிய பெரிய ஸ்பீக்கரை எடுத்து வைத்தார், நான் சொக்கிப்போனேன். வீட்டில் வைத்து மணியை ஒலிக்கவிட்டதும் சமையலறைப் பரணில் இருந்த வெண்கலப் பானைகள் சேர்ந்து அதிர்ந்தன. அடுத்து, வயரில்லாத ப்ளூடூத் ஸ்பீக்கர். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். கூப்பிட்டால் சோம்பல் முறித்து எழுவதற்குள் மணியின் முதல் பாதியை விழுங்கிவிடும். அவசரத்துக்குக் கூப்பிடும் வீட்டில் தூங்குமூஞ்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்து ஒன்று வாங்கினேன். அதற்கு அடுத்தும் ஒன்று.

அந்த அடுத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் குனிந்தாள். “பேசறதுக்கு இத்தனை வாங்கியாச்சு. கேக்கறதுக்கு ஒண்ணையும் காணுமே?”

எனக்கு அசடு வழிந்தது. உண்மையில் மைக் என்று ஒன்று இருந்தது. ஏதோ சாமானோடு வந்த பட்டாணி அளவு மைக். அதன் எதிரே நான் பேசினால் கேட்டது. அவள் பேசினால், வாயை அதன்மேல் வைத்தால் ஒழியக் கேட்கவில்லை. விழுந்து கிடக்கிறவள் மைக்கைத் தேடிப் போய்க் குனிந்து பேச முடியுமா? மைக்தான் அவள் இருக்குமிடத்துக்கு வர வேண்டும்.

ஆக, மைக் வேட்டை. ஆபீஸ் மீட்டிங்குகளில் மேசை நடுவில் வைக்கும் வட்டமான மைக் ஒன்றை வரவழைத்தேன். கூடவே ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருந்தது. சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் தானே துடைத்துவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருந்தது. சமையலறையில் வைத்து, ஃபேனைச் சுழலவிட்டு, குக்கர் விசில் அடிக்கும்போது நான் பேசிப் பதிவு செய்தேன். ஃபேன் இல்லை, விசில் இல்லை, என் குரல் மட்டும் பளிச்சென்று கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவள் ‘ஏன்னா’ என்றாள். மறுபடி சொன்னாள். பதிவைப் போட்டுக் கேட்டோம். ஒன்றுமே இல்லை. ஃபேனும் இல்லை, அவளும் இல்லை.

காற்று கலந்த அவள் குரலை ஃபேன் காற்றோடு சேர்த்து இரைச்சல் என்று எண்ணி அந்த மைக் துடைத்துவிட்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு இவள் குரல் இரைச்சல் என்று சொல்ல இது யார்? தூக்கிக் கிணற்றில் எறியப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அது மேல எதுக்குக் கோபம்? நல்ல காரியம் பண்ணினதாக்கும்னு நெனச்சுண்டிருக்கு, பாவம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

மகள் ஃபோனில் இன்னொரு யோசனை சொன்னாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அம்மா பேசிய வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து அம்மாவின் பழைய குரலையே செய்துவிடலாம். பொத்தானை அழுத்தினால் இயந்திரம் அந்தக் குரலில் என்னைக் கூப்பிடும். எனக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. என் மனைவி ஃபோனை வாங்கித் தன் வாயருகில் வைத்துக்கொண்டாள். “அது போயாச்சு கண்ணே. உள்ள சப்தம் மதி. அதை அப்பாவுக்குக் கேக்கப் பண்ணு.”

மறுநாள் அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். நான் முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம். செருப்புக் கடைக்குக் காலைக் கொண்டுபோகாமல் யாராவது போவார்களா? தென்காசிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கடையில் இருந்த மைக் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார். எதிரில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார். மிக்ஸி ஜார் வாங்க வந்து காத்திருந்த அம்மாவிடமும் இன்னும் இரண்டு பேரிடமும், “ஒரு அஞ்சு நிமிசம் சத்தமில்லாம இருங்க, இந்தம்மா பேசிப் பாக்கணும்” என்றார். என்னதான் வியாபாரம் என்றாலும் அப்படிக் கடையை நிறுத்தி வைக்க எல்லோருக்கும் மனசு வராது.

“நீங்க மெதுவாவே சொல்லுங்கம்மா. அவசரம் ஒண்ணுமில்ல” என்றார் அவர்.

அவள் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் ஒரு கை தள்ளி நின்று ‘ஏன்னா’ சொன்னாள். நாலு பேருக்கு நடுவே கணவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காது சிவந்துவிட்டது. மிக்ஸி ஜார் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். கடைசியில் அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு பச்சைத் தகடு. அதில் நான்கு மூலையிலும் மிளகு அளவு மைக். இரைச்சலைத் துடைக்கும் வேலை எதுவும் அதற்குத் தெரியாது. வந்ததை வந்தபடி எடுத்துக்கொள்ளும். பதிவைப் போட்டுக் கடைக்காரர் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். பஸ் இரைச்சலுக்கு நடுவே, மூச்சும் சத்தமுமாக, ‘ஏன்னா’.

ஹெட்ஃபோனை அவளிடம் கொடுத்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் தன் குரலை வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இதுதானாக்கும் நான் இப்போ?”

“ஆமாம்.”

“ரொம்ப மோசமில்லையே” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதற்காகவே அந்தத் தகடுகளை வாங்கியிருப்பேன். தகடு மூன்று வாங்கினோம். திரும்பி வரும்போது தெரு முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்றைச் சமையலறையில், அடுப்புக்கு எட்டத்தில், ஜன்னல் சட்டத்தில் பொருத்தினேன். ஒன்று குளியலறைக் கதவுக்கு மேல். ஒன்று கிணற்றடித் தூணில், மழை படாமல் ஒரு சோப்புப் பெட்டிக்குள். ஸ்பீக்கர் விஷயத்தில் இந்த முறை அவள் சொன்னதைக் கேட்டேன். பெரிய ஸ்பீக்கரில் அவள் குரல் அடித்தொண்டை உறுமலில் தொலைந்துபோனது. பழைய ட்ரான்சிஸ்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன ஸ்பீக்கரில் அது தெளிவாகக் கேட்டது. மெல்லிய குரலுக்கு மெல்லிய ஸ்பீக்கர் போதும் என்பது அத்தனை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை மைக்குகளிலிருந்து தள்ளி, வாசல் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். தன் சத்தத்தைத் தானே கேட்டுக் குழம்பாமல் இருக்க அதுதான் வழி.

எல்லாம் இணைத்த மறுநாள் காலை, மணி அடித்தது. நான் நிமிர்ந்தேன். ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. “ஏன்னா! பால் பொங்கறது, அணைங்கோ!” ஓடினேன். எங்கள் அடுப்பில் பாலே இல்லை. என் மனைவி மோர் மிளகாய் வறுத்துக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

அது பக்கத்து வீட்டு மாமி. எதையும் துடைக்காத மைக் அல்லவா? சுவருக்கு அப்பால் இருந்தாலும் அந்த மாமியின் குரல் என் மனைவியுடையதைவிடப் பலமாக வந்து விழுந்தது. அன்று முழுக்க மாமி கூப்பிட்டார், நான் ஓடினேன். சாயங்காலம் மணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் சொன்னது: “ஏன்னா, அடுத்தாத்து மாமா இன்னிக்கும் ஏதோ டப்பா வாங்கிண்டு போறதைப் பாத்தேளோ? அந்த மாமி பாவம், எங்கதான் வெப்பாளோ!” என் சொந்தப் பணத்தில் வாங்கிய ஸ்பீக்கர் என்னைப் பற்றியே வம்பு பேசியது. என் மனைவி சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பதற்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தடை சொல்லியிருக்கவில்லை.

அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பது தப்பு. உடனே மைக்குகளை நிறுத்திவிட்டு, போய்ச் சொல்லிவிடுவது என்று இருவரும் கிளம்பினோம். மாமி முகம் சிவந்துபோய், “ஐயோ, நான் சும்மா சொன்னதாக்கும்” என்றார். அவருடைய கணவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். “ஓய், அந்த மிஷினை அப்படியே விட்டுடும். இவ கூப்பிட்டா நீரே போயிடும். நான் சுகமா இருப்பேன்.”

மாமி அவரை முறைத்துவிட்டு என்னிடம் கேட்டார், “இப்போ இதுக்கு என்ன பரிகாரம்? நான் மெதுவாக் கூப்பிட்டாச் செரியாகுமோ?”

எனக்கு அந்தக் கேள்வியே சங்கடமாக இருந்தது. இந்த மாமியின் காதும் குரலும்தான் அன்று கிணற்றடியில் என் மனைவியைக் காப்பாற்றின. அந்தக் குரலைப் போய்க் குறைத்துக்கொள்ளச் சொல்வதா? “வேண்டாம் மாமி. நீங்க எப்பவும் போலவே கூப்பிடுங்கோ” என்றேன். வேறு வழி உண்டு, ஆனால் சிரமம் என்றேன். அந்த இயந்திரத்துக்குப் பல பேருடைய ‘ஏன்னா’வைக் கேட்கவைத்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று பழக்க வேண்டும். என் மனைவியுடையதைக் கேட்கவைத்து, இதுதான் என்று சொல்ல வேண்டும். ஆண்கள் பேப்பரிலிருந்து நிமிர்ந்து நம் வீட்டுக் குரலா என்று தெரிந்துகொள்வதுபோல, அதுவும் தெரிந்துகொள்ளும்.

“அவ்வளவுதானா? இந்தத் தெருவில ‘ஏன்னா’வுக்கா பஞ்சம்!” என்றார் மாமி.

நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கொலு வேண்டாம் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். வருகிறவர்களை வாயார வாங்கோ என்று கூப்பிட முடியாது. கொலுவுக்கு வரும் பெண்களைப் பாடச் சொல்வது வழக்கம். இவள் எதிரே பாட அவர்களுக்கும் தயக்கமாக இருக்கும். பக்கத்து வீட்டு மாமி விடவில்லை. “நீங்கோ பொம்மையை எறக்கி வையுங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அவரே அழைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக் கொலுவில் இந்த வருஷம் பாட்டு கிடையாது, ஆளுக்கு ஒரு ‘ஏன்னா’ சொன்னால்தான் சுண்டல் என்று அறிவித்துவிட்டார்.

கூடத்தில் கொலுப்படிக்கு எதிரே ஒரு நாற்காலி. அதன்முன் முக்காலியில் பச்சைத் தகடு. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு மாமி, பால் பொங்கும் குரலில். எதிர்வீட்டு மாமி இழுத்து இழுத்து, பாதி மலையாள ராகத்தில். ஒருத்தர் கோபமாக மட்டும்தான் தனக்கு வரும் என்று சொல்லிக் கோபமாகவே சொன்னார். ஊர்க்கோடியில் இருக்கும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி தன் கணவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறவள். அவள் சொல்லிப் பார்த்துவிட்டு, “எனிக்கு இது செட் ஆகலை ஆண்ட்டி” என்று நெளிந்தாள். எல்லோரும் சேர்ந்து அவளைச் சொல்லவைத்தார்கள். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேட்டதில்லை. என் மனைவி ஒவ்வொருவருக்கும் சுண்டலும் தாம்பூலமும் கொடுத்துக்கொண்டு, வந்தவர்கள் குனிந்து காதைக் கொடுக்க, இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சைக் கேட்க அத்தனை பேரும் குனிந்தார்கள்.

விளக்கேற்றும் நேரத்தில் எல்லோரும் போன பிறகு தெருக்கோடி வீட்டுப் பெண்மணி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. கொலுவுக்குக் கூட்டம் கலைந்த பிறகுதான் எப்போதும் வருவார். நாற்காலியையும் மைக்கையும் பார்த்தார்.

“எல்லாரும் சொன்னாளாமே. நான் சொன்னா அதுக்கு ஆகுமோ?”

என் மனைவி அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பிறகு எழுந்து, நாற்காலியை வாசல் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “இப்படி இருந்தாத்தான் வரும். அவர் ஆபீஸ்லேர்ந்து வரச்சே கூப்பிடுவேன்” என்றார். கதவைப் பார்த்து, “ஏன்னா” என்றார். நல்ல குரல். இன்னொரு முறை சொன்னார். காப்பி கலந்தாச்சு என்கிற மாதிரி ஒரு முறை, குடை எங்கே என்கிற மாதிரி ஒரு முறை. எனக்கு வேண்டியது முதலிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவரே போதும் என்று நினைத்தபோது எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுண்டல் எங்கே என்று கேட்டார். என் மனைவி அவருக்கும் தாம்பூலம் கொடுத்தாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பதிவுகளையெல்லாம், ‘பதில் சொல்லக் கூடாது’ என்ற கூட்டத்தில் சேர்த்தேன். தெருக்கோடி வீட்டுப் பெண்மணியுடையதை மட்டும் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. அவர் வீடு தூரம், அதனால் இயந்திரத்துக்கு ஒரு குறையும் வராது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவியின் குரலைச் சிறிது சிறிதாகத்தான் எடுக்க முடிந்தது. தொண்டைக்குச் சிரமம் இல்லாத அளவுக்குக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். உட்கார்ந்து, நின்று, கிணற்றடியில் படுத்துக்கொண்டுகூடச் சொன்னாள். இயந்திரம் முதலில் திணறியது. மழைச் சத்தத்துக்கு விழித்தது, அவளுக்கு விழிக்கவில்லை. நான் பல்லைக் கடித்தேன். மகள் பெங்களூரிலிருந்து பொறுமையாகத் திருத்தம் சொன்னாள். துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், ஒரு வழியாகப் பழகிவிட்டது என்று தோன்றியது. ஆனால் சோதனைக்காகக் கூப்பிட்டதெல்லாம் நான் கேட்டுக்கொண்டதால் கூப்பிட்டது. மற்றபடி அவள் பழையபடி வாசல் அறைக்கு நடந்து வந்து தோளைத்தான் தட்டினாள்.

ஒரு மத்தியானம் இடி இடித்து மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நான் நாற்காலியில் கண் அயர்ந்திருந்தேன். மணி அடித்தது. சின்ன ஸ்பீக்கரிலிருந்து, என் காதருகில் நின்று சொல்வதுபோல், மூச்சோடு சேர்ந்து வந்தது.

“ஏன்னா.”

பின்னால் நீர் சொட்டும் சத்தம். கிணற்றடி மைக். பாசி, மழை, வழுக்கல் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் விழ, கூடம் தாண்டி, உள்ளறையில் கட்டிலில் இடித்துக்கொண்டு ஓடினேன். அவள் கொடியருகில் நின்று மழைக்கு எடுத்த துணியை மறுபடி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு? விழுந்தியா? என்ன வேணும்?”

அவள் ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். நிமிரவில்லை.

“ஒண்ணுமில்லை. சும்மாதான் கூப்பிட்டேன்.”

எனக்கு முழங்கால் வலித்தது, மூச்சு இரைத்தது. அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. இந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் போய்க் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அப்போது சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மாமி, “ஏன்னா! மாடியில துணியெல்லாம் நனைஞ்சு கிடக்கறது!” என்று கூப்பிட்டார். நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். எங்கள் வீட்டில் மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் எழுந்து வாசல் அறைக்கு வந்து, துண்டைப் பொறுக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மறுபடி மணி அடித்தது. எழுந்து போனேன்.